பிஸ்கட் டப்பாவில் நூல்கண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. வேலை முடிந்து ஆறரைக்கு நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்துவிடுவான். பையைப் பிடித்து இழுப்பான், தட்டைத் தள்ளிவிடுவான், என்னை அடிப்பான். பகல் முழுக்க ஆயாவிடம் தங்கமாக இருக்கிறானாம். "உன்னைப் பார்த்தாத்தான் ஆடுறான், வேணும்னே பண்றான்" என்கிறார் மாமியார். அப்படித்தானா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: "உன்னைப் பார்த்தாத்தான்" என்பது சரி. "வேணும்னே" என்பதுதான் இடிக்கிறது.

மாமியார் எதிரில் உங்களைத் தலைகுனிய வைக்க ஒருவன் திட்டம் போட வேண்டுமென்றால், உங்கள் மனதில் இருப்பது வேறு, ஆயா மனதில் இருப்பது வேறு, தன் மனதில் இருப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அது பெரும்பாலும் நாலு வயதையொட்டித்தான் கைகூடும். சாக்லெட்டை இடம் மாற்றி வைக்கும் கதை ஒன்றைக் காட்டி 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிறகு வந்த இன்னொரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஊசி நூல் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா இல்லாத வீடு ஏது? மூடியபடி அவனிடம் காட்டி "உள்ள என்ன இருக்கு?" என்று கேளுங்கள். "பிஸ்கட்" என்பான். திறந்து காட்டுங்கள், நூல்கண்டு. மறுபடி மூடிவிட்டு, "அப்பா இன்னும் இதைப் பார்க்கல. கேட்டா உள்ள என்ன இருக்குன்னு சொல்வார்?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் "நூல்" என்பார்கள். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைக்கும் வயது அது. அவன் "பிஸ்கட்" என்றாலும் சூழ்ச்சிக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும்.

அப்புறம் ஏன் ஆடுகிறான்? பகல் முழுக்க அடக்கி வைத்ததை, அடக்க வேண்டாத இடத்தில் கொட்டுகிறான். பெரும்பாலான பிள்ளைகளிடம் விஷயம் இவ்வளவுதான். முதலில் பகல் தூக்கத்தையும், மாலையில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்பதையும் விசாரியுங்கள். நாலரைக்குக் கடைசியாகச் சாப்பிட்ட பிள்ளை ஆறரைக்குக் கத்தத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுப்பங்கரைக்குப் போகாமல், போனை எடுக்காமல் தரையில் உட்காருங்கள். அவன் கண் மட்டத்துக்கு உங்கள் முகம் வரட்டும். "அம்மா ரொம்ப நேரமா வரலன்னு கோவமா இருக்கா?" என்று ஒரே ஒரு ஊகத்தைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். "இல்ல" என்றால், "சரி, அது இல்லையா" என்று விட்டுவிடுங்கள். கையை ஓங்கினால் மெதுவாகப் பிடித்து, "கோவப்படலாம், அடிக்க விடமாட்டேன்" என்றால் போதும். இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டுப் பிறகு கணக்குப் பாருங்கள். முதல் மூன்று நாளில் ஒன்றும் மாறவில்லையே என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஏனுக்கு அவனிடம் பதில் கிடையாது. இல்லாத பதிலைக் கேட்டால் அழுகைதான் கூடும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறந்தாலே "உங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள்.
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் "எனக்குத் தெரியும்" நான்கு இடத்தில் வருகிறது, "கேட்டேன்" ஒரு இடத்திலும் இல்லை.

பெற்றோர் பிள்ளையின் மனதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 18 வாக்கியக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. பிள்ளைமேல் கெட்ட எண்ணத்தை ஏற்றுகிறார்களா, அதன் மனதை அறிய ஆவல் இருக்கிறதா என்பதோடு, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்ற நிச்சயம் எவ்வளவு என்பதையும் அது தனியாகப் பார்க்கும். அந்த நிச்சயம் எல்லை மீறினால் தப்புதான். குழந்தையின் மனதைப் பற்றி அம்மா நிறையப் பேசினாரா என்பது முக்கியமில்லை, பேசியது குழந்தைக்குப் பொருந்தியதா என்பதுதான் பாசப் பிணைப்போடு சேர்ந்து வந்தது என்று உளவியலாளர் எலிசபெத் மைன்ஸ் குழுவினர் 2001-இல் காட்டினார்கள். கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு அது. பதின்மூன்று வயதுக்காரி பொருந்தாததை முகத்துக்கு நேரே சொல்கிறாள், அவ்வளவே.

எதிரே உட்கார வைத்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் பக்கத்தில் நடந்தபடி, "நேத்து நான் மார்க்கைப் பத்திச் சொன்னப்ப உனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்று ஆரம்பியுங்கள். அவள் சொன்னால் அறிவுரையை அன்றைக்கு மட்டும் விழுங்கிவிடுங்கள். வராத கதையைப் பிடுங்கவும் வேண்டாம்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி, தோழிகள் என்று எல்லாவற்றிலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கினால், ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "செத்துடலாம் போலிருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. தனியே விடாமல் அன்றே போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. எட்டு வயது மகள் இப்போதும் தூறல் போட்டாலே புத்தகங்களை பாலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்கிறாள். "ஒண்ணும் ஆகாது" என்று எத்தனை தடவைதான் சொல்வது?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், தண்ணீர் வந்துவிட்டது. அதனால் அந்த வார்த்தை அவளிடம் செல்லாது. "தண்ணி வந்துச்சுல்ல, புக்கெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று நடந்ததை ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். பிறகு தகவல் கொடுங்கள். அன்றைக்கு வந்தது தூறல் தண்ணீர் இல்லை, சாத்தனூர் அணையைத் திறந்து ஆற்றில் வந்த தண்ணீர். திறந்தால் வழக்கமாக முன்னாலேயே அறிவிப்பார்கள். அறிவித்தால் நாம் இன்னார் வீட்டுக்குப் போவோம் என்று. பையைப் பிடுங்காதீர்கள். பரணில் அதற்கொரு இடம் ஒதுக்கி, அவளையே வைக்கச் சொல்லுங்கள். மழை விட்டதும் இருவருமாகப் பிரித்து, புத்தகங்களை அலமாரியில் அடுக்குங்கள். கட்டும்போது கூட இருக்கிறவர்கள் பிரிக்கும்போது மறந்துவிடுகிறார்கள். கெட்ட கனவும் தூக்கமின்மையும் மழை இல்லாத நாளிலும் தொடர்ந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.