மூக்குக் கண்ணாடிக்கு அடியில் நாற்பது பக்கம்

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் தலைமைக் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். வயது 54. ஒரே மகள் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள். அவளை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும், முடியாவிட்டால் கணக்கியலாவது படிக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கோ அமெரிக்காவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கல்லூரியே ஏற்றுக்கொள்ளுமாம். ஆனால் என்ன படிப்பு என்றே இன்னும் முடிவாகவில்லையாம். இரண்டு வருடம் கழித்துத் தேர்ந்தெடுத்தால் போதுமாம். அங்கே ஒரு பேராசிரியர் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்கிறாராம். அவரிடம்தான் படிக்க வேண்டுமாம். பால்மரம் சீவிய பரம்பரையில் பிறந்தவள் விமானம் ஏறிப் போய் அதையேவா படிக்க வேண்டும்? கல்லூரியின் பாடப் பட்டியலையும் பேராசிரியர்களின் ஆராய்ச்சி விவரங்களையும் நாற்பது பக்கத்துக்கு அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடிட்டு, வரவேற்பறை மேசையில் என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். மூன்று வாரமாக அங்கேயேதான் கிடக்கிறது. மே 1ஆம் தேதிக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். வருமானத் தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கியபோது உள்ளூர் உதவித்தொகைக்கு என்றுதான் நினைத்தேன். இதற்கெல்லாம் சம்மதிப்பது ஒரு தந்தையின் கடமையா?
— ஒரு தந்தை, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, பிள்ளையை அனுப்பலாமா கூடாதா என்று கேட்டு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும் அந்த நாற்பது பக்கத்தில்தான் வந்து நின்றேன்.

காலையில் நாளிதழைப் பிரிப்பதற்கு அந்தக் கண்ணாடியை எடுக்கிறீர்கள். எடுக்கும்போது விரல் அந்தத் தாளில் படாமல் இருக்க முடியாது. நாளிதழைப் படித்து முடித்ததும் கண்ணாடியை மடக்கி மறுபடியும் அதே தாளின் மேல் வைக்கிறீர்கள். மூன்று வாரம் என்றால் இருபத்தொரு நாள். வீட்டில் அலமாரி இருக்கிறது, சாப்பாட்டு மேசை இருக்கிறது, சாமி மாடம் இருக்கிறது. அங்கெல்லாம் வைக்காமல் உங்கள் மகள் ஏன் அந்த இடத்தில் வைத்தாள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அப்பாவின் கை தினமும் தவறாமல் படுகிற இடம் எது என்று அவள் கவனித்து வைத்திருக்கிறாள். அவளால் உங்களிடம் நேரே சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தில் ‘ஆம்’ என்று முடியும் சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொள்ளுமாம், முடிவாகவில்லையாம், போதுமாம், ஆராய்கிறாராம், படிக்க வேண்டுமாம், பதில் சொல்ல வேண்டுமாம். ஆறு இடங்கள். அந்தக் கல்லூரியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுகூட உங்கள் கண்ணால் படித்தது இல்லை. அத்தனையும் யாரோ சொல்லக் கேட்டது. சொன்னவர் உங்கள் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் சொல்லி அனுப்புவதும், மகளிடம் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்லி அனுப்புவதும் நம் வீடுகளில் மரியாதை என்ற பெயரில் நடந்து வருகிறது. பத்து வயது வரையில் அது போகட்டும். மகளின் நான்கு வருடத்தையும் அதற்குப் பிறகு வரும் வாழ்க்கையையும் தீர்மானிக்கிற விஷயத்தில் அது வெறும் சோம்பேறித்தனம்.

நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். தலைமைக் கிராணியின் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். செக் ரோல் என்கிற வேலைநாள் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக விழும் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்து, யாருக்காவது அரைநாள் கூலி விடுபட்டிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற கண் உங்களுடையது. தோட்ட அலுவலகத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்கள் உங்கள் கையைத் தாண்டித்தான் மானேஜரிடம் போகின்றன. ஆகவே ஆங்கிலம் புரியவில்லை என்ற சமாதானம் உங்களுக்கு இல்லை. என் அப்பாவுக்கு இருந்தது. அவர் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர். பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டை வந்த நாளில், விரலிடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நகத்தால் சுரண்டிக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, என் பக்கம் திருப்பிப் பிடித்து, “முதல் வரியிலிருந்து வாசி” என்பார். கடைசி வரி வரையில் பிடித்துக்கொண்டிருப்பார். எழுத்தறியாத மனிதர் செய்ததை முப்பது வருடம் எழுத்தோடு புழங்கிய நீங்கள் செய்யவில்லை.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். அதன் பிறகு உங்களுக்குச் சாக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது பெரும்பாலும் இரண்டாயிரம் மாணவர் அளவில் நடக்கும் சிறிய கல்லூரி. இளங்கலைப் பட்டந்தான் அதன் முக்கிய வேலை; முனைவர் பட்ட மாணவர்கள் அங்கே அநேகமாக இருப்பதில்லை. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் ஆராய்ச்சிக்குத் தோள் கொடுப்பவர்கள் முனைவர் பட்ட மாணவர்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கான சிறு வகுப்புகளைப் பல இடங்களில் நடத்துவதும் அவர்கள்தான். சிறிய கல்லூரியில் ஆராய்கிறவரே முதலாண்டு வகுப்புக்கும் வருகிறார். விடுமுறையில் அவருடைய ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கவும் அந்த வகுப்புப் பிள்ளைகளைத்தான் அழைக்கிறார். அதனால்தான் உங்கள் மகள் பாடப் பட்டியலை மட்டும் அச்செடுக்காமல் ஆராய்ச்சி விவரத்தையும் சேர்த்து அச்செடுத்திருக்கிறாள். செக் ரோலையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பீர்களே, அப்படித்தான் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும். ஒருவர் எதை ஆராய்கிறார் என்பது ஒரு தாளில் இருக்கும். அதை அவர் வகுப்பில் கற்பிக்கிறாரா, ஆண்டுதோறுமா, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையா என்பது இன்னொரு தாளில் இருக்கும். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அந்தப் பாடம் அந்த வருடம் நடக்கும் என்று எண்ணக் கூடாது. ஆறு வருடம் கற்பித்த பேராசிரியர்கள் ஏழாவது வருடம் ஆராய்ச்சி விடுப்பில் போவது அங்கே வழக்கம். அவர் போய்விட்டால் அவருடைய பாடமும் பெரும்பாலும் அவர் திரும்பி வரும் வரையில் காத்திருக்கும். பாடத்துக்கு முன்னால் எண் இருந்தால் அதையும் பாருங்கள். நூறில் தொடங்குவது முதலாண்டுக்கு. முந்நூறு என்றால் அதற்கு முன்பே வேறு சில பாடங்களை முடித்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்துத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பொறுப்பில்லாத வேலையாகப் படுகிறது. ஒரு பருவத்துக்கு நான்கு பாடம், எட்டுப் பருவம் என்று முப்பத்திரண்டு பாடங்கள் அளவில் வருகின்றன. முதல் இரண்டு வருடத்தில் வரலாறு, பொருளியல், கணிதம், உயிரியல் என்று பல துறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டின் முடிவில் முதன்மைத் துறையை அறிவிக்க வேண்டும். ஆம்ஹர்ஸ்ட், கிரின்னல் போன்ற சில கல்லூரிகளில் முதலாண்டுக்கான ஒரே ஒரு வகுப்பைத் தவிர எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடமே கிடையாது. பதினேழு வயதில் அப்பா சொன்ன துறைக்குள் நுழைந்து, மூன்றாம் வருடத்தில் அழுதுகொண்டு வெளியே வந்த பிள்ளைகளின் கடிதங்களை நான் படித்திருக்கிறேன் என்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை தெரியவில்லை.

மருத்துவம் வேண்டுமென்றால் இது அதற்கான வழி இல்லை. அமெரிக்காவில் மருத்துவம் இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு படிப்பது. இந்த நான்கு வருடத்தை முடித்துவிட்டு வந்து இங்கே ஸ்டெதஸ்கோப் மாட்ட முடியாது. ஆனால் இங்கே டாக்டருக்குப் படித்தவர்களையும் 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் நியமித்து வருகிறது என்பதும், 2021 ஜூலையில் அந்த ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனை வளாகங்களில் வெளிநடப்புச் செய்தார்கள் என்பதும் நாளிதழ் படிக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது “அதையேவா படிக்க வேண்டும்” என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதியபோது உங்கள் மனத்தில் வெட்கம் இருந்ததா, கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. படித்த எனக்குக் கோபம் வந்தது. ஒஹாயோ மாநிலத்தில் 1833இல் தொடங்கிய ஓபர்லின் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்த பௌலா ரிச்மன் நம் பிள்ளைத்தமிழை ஆராய்ந்தவர். மாசசூசெட்ஸில் 1837இல் பெண்களுக்காகத் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் கற்பித்த இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் தேவாரத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் தந்தவர். நம் கோயிலில் ஓதுகிற பதிகம் அங்கே படிப்பாக இருக்கலாம், நம் பாட்டி தூக்கிய பால் வாளி மட்டும் படிப்பாக இருக்கக் கூடாதா?

நீங்கள் இருக்கும் ஊரையே பாருங்கள். பக்கத்துக் கோலக்கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. உங்கள் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16ஆம் தேதி ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பாட்டாளிகளின் பணத்தைச் சேர்த்து அவர்களையே தோட்டத்துக்கு உடைமையாளராக்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள் இல்லாத தோட்டம் எது? இவற்றையெல்லாம் துரைமாரின் கடிதத்திலும் அதிகாரிகளின் கோப்பிலும் எழுதி வைத்தார்கள்; லயத்துக்குள்ளிருந்து எழுதியவர்கள் மிகக் கொஞ்சம். அந்த வேலையை லயத்திலிருந்து வந்த வீட்டுப் பெண் செய்யப் போகிறாள் என்றால், அதைக் கேட்டுக் கூனிக் குறுகுகிறவர் அவளுடைய அப்பாவாக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிலாளர் வரலாற்றை ஆராய்கிறவர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் தெரியுமா? யார், எந்த நாளில், எந்தக் காட்டில், எத்தனை மணிநேரம், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்று எழுதி வைத்த தாளை. அதாவது செக் ரோலை. பழைய தோட்ட அலுவலகங்களை மூடியபோது மூட்டை கட்டி எரித்ததும் கரையானுக்குக் கொடுத்ததும் அதைத்தான். உங்கள் வேலை என்னவென்று உங்கள் மகளுக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சம்மதிப்பது கடமையா என்று கேட்டீர்கள். இல்லை. பிள்ளையின் வாழ்க்கை பிள்ளைக்கே சொந்தம், பெற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்கிறவள் நான் இல்லை. அவள் ஒரே மகள். உங்களுக்கு அறுபது வயது வரும்போது வீட்டில் யார் இருப்பார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்குப் பதில் சொல்ல அவளுக்குக் கடமை உண்டு. எதற்கு என்று விளங்கச் சொல்லாமல் உங்களிடம் கையெழுத்து வாங்கியதும் அவளுடைய தவறுதான், கண்டியுங்கள். ஆனால் தலைப்பைக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்ட கிராணி குரலை உயர்த்தாமல் கண்டிப்பது நல்லது. படித்துவிட்டு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அதை நான் மதிப்பேன். படிக்காமல் சொன்னால், எந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லியும் அதற்கு நான் துணை நிற்க மாட்டேன்.

இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும் என்பதால் இந்தப் பதிலின் நகலைத் தபாலில் முன்னதாகவே அனுப்பியிருக்கிறேன். இன்று இரவு சாப்பிட்ட பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அந்த நாற்பது பக்கத்தை எடுங்கள். அவள் மஞ்சள் மையிட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், உங்களுக்குத் தோன்றும் கேள்வியைப் பென்சிலால் எழுதுங்கள். விமானச் சீட்டுக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் யார் பணம் கட்டுவது, அந்தப் பட்டத்துக்கு இங்கே அரசாங்க வேலையில் அங்கீகாரம் உண்டா என்பவையும் அதில் இருக்கட்டும். அங்கே தமிழ் கற்பிக்கிறார்களா என்றும் கேளுங்கள். சிக்காகோ, பெர்க்கிலி போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் தமிழ் உண்டு, சிறிய கல்லூரிகளில் அநேகமாக இல்லை. பாட்டிமாரின் பேச்சை வைத்து ஆராயப் போகிறவளுக்கு அது பெரிய குறை. எழுதி முடித்ததும் மகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வையுங்கள். மனைவியை நடுவில் நிறுத்தாதீர்கள். அவள் சேர்ந்த பிறகு வரும் இரண்டு வருடத்தில் அந்தப் பேராசிரியர் விடுப்பில் போகிறாரா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அவளுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கச் சொல்லி, பதில் வரும் வரையில் நீங்களும் அவளுடன் காத்திருங்கள்.