தேயிலைக்குள் விழுந்த தாலிக்கொடி: டிடெக்டர் ஏன் வைத்த இடமெல்லாம் கத்துகிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து எடுத்துவிட்டு வீடு திரும்பிய அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. 3 பவுன் முறுக்குக் கொடி, இரண்டு தாலி, நான்கு குண்டு. நாலு நாளாகத் தேடுகிறோம், நடுவில் இரண்டு மழை வேறு. மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம். வைத்த இடமெல்லாம் கத்துகிறது. கொடி மண்ணுக்குள் புதைந்திருக்குமா? எவ்வளவு ஆழம் தோண்டிப் பார்க்க வேண்டும்?

பதில்: தோண்டாதீர்கள். நாலு நாளில் ஒரு கொடி தானாக மண்ணுக்குள் இறங்கிவிடாது. இரண்டு மழை பெய்திருந்தாலும் சருகுக்கு அடியிலோ, மிஞ்சிப்போனால் இரண்டு விரற்கடை மண்ணுக்குள்ளோதான் கிடக்கும். அதைவிட ஆழத்துக்கு அது போக ஒரே வழி, தேட வந்தவர்களின் கால். நனைந்த செம்மண்ணில் ரப்பர் பூட்ஸ் ஒரு மிதி மிதித்தால் அரை சாண் உள்ளே அழுத்திவிடும். அம்மாவையும் டிடெக்டர் பிடிப்பவரையும் தவிர மற்ற எல்லோரும் தோட்டத்தை விட்டு வெளியே வரட்டும். மண்வெட்டியும் வெளியே வரட்டும்.

டிடெக்டரை மறுபடி கையில் எடுப்பதற்கு முன், கொடி தோட்டத்தில்தான் விழுந்தது என்பது உறுதியா என்று பாருங்கள். அறுந்த கொடி உடனே தரையில் விழுவது குறைவு. ஸ்வெட்டருக்குள், ரவிக்கைக்குள், புடவைக் கொசுவத்தில், இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளின் மடிப்பில் தங்கி, நடக்கும்போதோ குளியலறையிலோ நழுவும். அன்று உடுத்தியது துவைக்கப்பட்டிருந்தால் துவைக்கும் கல்லின் அடியையும் தண்ணீர் போகும் வழியையும் பாருங்கள். கத்தரியில் வெட்டினார்களா, கையால் கிள்ளினார்களா என்பதும் முக்கியம். கத்தரியானால் அதன் பைக்குள் கொழுந்தோடு கொழுந்தாகப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் தொழிற்சாலையில் இலை வாடப்போடும் 12 முதல் 18 மணி நேரம்வரைதான் தேட வாய்ப்பு. நாலு நாள் கழிந்த நிலையில் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. தொழிற்சாலையில் இருக்கும் காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், தங்கத்தை விட்டுவிடும். இருந்தாலும் கொழுந்து வாங்கும் ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கொழுந்துப் பைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உதறுங்கள்.

இனி உங்கள் கருவியின் கூச்சல். அது பழுதில்லை, மண்தான் கத்தவைக்கிறது. நீலகிரிக்கும் பழனிமலைக்கும் அடிப்பாறை சார்னோகைட். ஆண்டாண்டுக் காலமாகப் பெய்யும் மழையில் பாறையின் மற்ற சத்துகள் கரைந்துபோய் இரும்பும் அலுமினியமும் தங்கிப்போனதுதான் நம் செம்மண். சமவெளி வயலில் அமைதியாக வேலை செய்யும் டிடெக்டர் இங்கே வந்ததும் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடையே உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. மண்ணின் ஒலியைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்வதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற ஏற்பாடு. வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

செய்யும் முறை இது. குப்பை இல்லாத ஒரு இடத்தில் காயிலை (கருவியின் அடிமுனையில் இருக்கும் வட்டத் தட்டு) முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, தரைக்கு 3 செ.மீ. வரை இறக்குங்கள். திரும்பத் தூக்குங்கள், இறக்குங்கள். இறக்கும்போது சத்தம் கூடினாலோ குறைந்தாலோ பேலன்ஸ் சரியில்லை. தானியங்கிக் கருவியானால் அதற்கான பொத்தானை அழுத்தியபடி இதையே ஐந்தாறு முறை செய்தால் போதும். குமிழ் உள்ள கருவியில், ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தம் ஒரே மாதிரி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். செடிக்கு அடியிலுள்ள கறுத்த மக்கு மண் வேறு, நடைபாதையில் வெட்டிய செம்மண் வேறு. இடம் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்யுங்கள், மழை பெய்து ஓய்ந்தாலும் செய்யுங்கள்.

பிறகு சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, பாதிக்கு இறக்குங்கள். ‘குறைத்தால் கண்டுபிடிக்காதே’ என்று எல்லோரும் தயங்கும் இடம் இது. நீங்கள் தேடுவது மேலாகக் கிடக்கும் பொருள். ஒரு முழ ஆழத்துப் பழைய ஆணி உங்களுக்கு எதற்கு?

அடுத்தது, தங்கக் கொடியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று. 3 பவுன் என்றால் 24 கிராம். அரைப் பவுன் மோதிரத்தைவிட உரக்கக் கத்த வேண்டும் அல்லவா? கத்தாது. டிடெக்டர் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அந்த ஓட்டத்தைத்தான் கருவி கேட்கிறது. மோதிரம் முழு வளையம் என்பதால் மின்சாரம் சுற்றிவர நல்ல பாதை இருக்கிறது. கொடியில் கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இல்லாததால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியே குட்டி ஓட்டம்தான். கருவிக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரிவதில்லை. கடுகைச் சிதறவிட்டதுபோல நூறு துணுக்குகள். ஆகவே கொடியைத் தேடாதீர்கள், தாலியையும் குண்டையும் எஸ் கொக்கியையும் தேடுங்கள். குண்டுக்குள் அரக்கு நிறைந்திருந்தால் பாதகமில்லை, மேல்தகடே போதும்.

இதே காரணத்தால் டிஸ்கிரிமினேஷன் என்ற வடிகட்டியை மிகக் குறைவாக வையுங்கள். இரும்பை மட்டும் தள்ளட்டும். ‘ஜுவல்லரி’ என்று எழுதிய மோடை நம்பி அலுமினியத் தாளை ஒதுக்கினால், சின்னத் தங்கமும் அதோடு சேர்ந்து ஒதுங்கிவிடும்; இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் விழும். மாத்திரை அட்டையின் கிழிசலை இருபது முறை எடுத்துப் பார்க்கச் சலிக்காதவருக்குத்தான் தாலி கிடைக்கும். அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க முடிகிற கருவியானால் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வையுங்கள். 5 முதல் 8 வரையுள்ள அலைவரிசைகள் பெரிய வெள்ளிக்கும் செம்புக்கும் தோதானவை. பல அலைவரிசையில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவி கிடைத்தால் செம்மண்ணுக்கு அதுதான் உத்தமம்.

கருவியின் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்; ஒத்திகை பாருங்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு குண்டையோ கம்மலையோ இரண்டு முழச் சிவப்பு நூலில் கட்டி, அதே தோட்டத்து மண்ணில் வைத்து, மேலே ஒரு கை சருகு தூவி, காயிலை அசையுங்கள். எப்படி ஒலிக்கிறது, எந்த எண் வருகிறது, எவ்வளவு உயரத்தில் கேட்காமல் போகிறது என்று காது பழகட்டும். நூல் கட்டாமல் இதைச் செய்தால் தேட வேண்டியவை இரண்டாகிவிடும்.

இப்போது செடிக்கு வாருங்கள். முதலில் தரை அல்ல, செடியின் தலை. குனிந்து பறிக்கும்போது கிளையில் மாட்டித்தான் கொடி அறுகிறது. அறுந்த கொடி மேல்பரப்புக்கு ஒரு சாண் கீழே கவட்டையில் தொங்கிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு. காயிலை செடியின் தட்டையான மேல்பரப்பை ஒட்டி, இலையை உரசும் அளவுக்குத் தாழ்த்தி அசைத்துக்கொண்டு போங்கள். அந்த உயரத்தில் மண்ணின் தொந்தரவே இருக்காது. கருவி சாதுவாகிவிடும், சென்சிட்டிவிட்டியை நன்றாக ஏற்றிக்கொள்ளலாம். செடிக்குள் உலோகம் இருக்கவே நியாயமில்லை என்பதால் இங்கே வரும் எந்த ஒலியும் விலை மதிப்புள்ளது. மேலே முடிந்ததும் செடியின் இரு பக்கத்தையும் அதேபோல் பாருங்கள். அம்மா அன்று எந்த வரிசையில் தொடங்கினார், எங்கே உட்கார்ந்து டீ குடித்தார், எங்கே பையைக் கொட்டினார் என்று அவரையே நடத்திக் கேட்டு, அந்த வரிசைகளில் தொடங்குவது நல்லது. உட்கார்ந்த இடம், எழுந்த இடம், சுமை தூக்கிய இடம் இந்த மூன்றுக்கும் இரட்டைக் கவனம்.

தரைக்கு வரும்போது பெரிய காயிலைக் கழற்றிவிட்டு 5 அல்லது 6 அங்குலக் காயில் கிடைத்தால் மாட்டுங்கள். செடியிடுக்கில் நுழையும், ஆணியும் தங்கமும் பக்கத்தில் கிடந்தால் பிரித்துக் காட்டும். சரிவில் மேல் வரிசையில் தொடங்கிக் கீழே வாருங்கள். உங்கள் காலில் பட்டு எதுவாவது உருண்டால் இன்னும் தேடாத பகுதிக்குத்தான் போகும். கீழிருந்து மேலே போனால் தேடி முடித்த இடத்தில் போய்ப் பதுங்கும். காயில் சரிவுக்கு இணையாக, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். ஊஞ்சல் மாதிரி இரு முனையிலும் தூக்காதீர்கள். ஒரு வீச்சுக்கு இரண்டு மூன்று விநாடி, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் மேல் பாதியாவது படிய வேண்டும். முடிந்த வரிசையின் கோடியில் சணல் கயிறு கட்டுங்கள். முக்கால் ஏக்கரில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று மாலையில் யாருக்கும் நினைவிருக்காது.

இரு பக்கம் வீசினாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்ன ஒலியை மட்டும் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு, திசை மாற்றினால் மறைவது பெரும்பாலும் இரும்பு அல்லது மண். ஒலி வந்த இடத்தில் பெருக்கல் குறிபோல இரு திசையில் வீசினால் நடுப்புள்ளி தெரியும். அங்கே கையால் சருகை அள்ளி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடுங்கள். திரும்ப வீசுங்கள். தரையில் ஒலி நின்றுவிட்டால் பொருள் தட்டில் இருக்கிறது. தட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக் காயில் முன்னால் காட்டினால் நாலைந்து தடவையில் விரல் நுனி அளவுக்கு வந்துவிடும். இரும்புக் கரண்டியும் கொத்தும் வேண்டாம். அவையே ஒலி எழுப்பும், தாலியில் கீறலும் போடும். டிடெக்டர் பிடிப்பவர் வளையல், கைக்கடிகாரம், இரும்பு முனை பூட்ஸ் இவற்றைக் கழற்றிவிட வேண்டும், செல்போனை அணைக்க வேண்டும். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த தோட்டாவைத் தேடத் தன் கருவியைக் கொண்டுபோனவர் கிரகாம் பெல். படுக்கையிலிருந்த எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பின, தோட்டா அகப்படவில்லை. எடுத்த குப்பையை அங்கேயே போடாமல் பைக்குள் போடுங்கள்.

மழை பெய்ததால் கானையும் (தோட்டத்து மழைநீர் வடியும் வாய்க்கால்) பார்க்க வேண்டும். 22 காரட் தங்கம் மண்ணைவிட ஆறேழு மடங்கு கனம். தண்ணீர் வேகம் குறையும் முதல் இடத்திலேயே படிந்துவிடும். கானில் இருக்கும் குழிகள், வளைவின் உள்பக்கம், கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிய வண்டல், இவை போதும். அந்த வண்டலை அள்ளிப் பெரிய பேசினில் தண்ணீர் விட்டு அலசி, மேலே மிதக்கும் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியுங்கள். அரிசி களையத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கத்துக்காகக் கம்பெனிகள் படையெடுத்து நொடித்துப்போனதற்கு முன்னும் பின்னும், அங்கே ஆற்று மணலில் தங்கம் எடுத்தவர்களின் கைவேலையும் இதுதான்.

நொடிக்கு ஒரு தடவை ‘டிக், டிக்’ என்று சீராகக் கேட்டால் அது தங்கமல்ல. பக்கத்துச் சோலார் வேலியின் மின் துடிப்பு. சொந்த வேலியானால் அணைத்துவிடுங்கள், அடுத்தவருடையதானால் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வையுங்கள். குன்னூர், கோத்தகிரித் தேயிலையில் காட்டெருமை வருவது உங்களுக்குப் புதிதல்ல. இரண்டு காதையும் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடப்பவர் அதன் மூச்சுச் சத்தத்தைக்கூடக் கேட்கமாட்டார்.

கருவி கிடைக்காதவர்கள், கல்யாண மண்டபங்களிலும் கோயில் வாசலிலும் செக்யூரிட்டி கையில் வைத்திருக்கும் டிடெக்டரைக் கேட்டுப் பார்க்கலாம். சில சென்டிமீட்டர்தான் எட்டும் என்றாலும் சருகுக் குவியலையும் செடியின் தலையையும் சோதிக்க அது தாராளம். தொலைந்தது மூக்குத்தியோ கம்மல் திருகாணியோ என்றால் டிடெக்டரை மறந்துவிட்டு, மாலை மங்கும் நேரத்தில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். விடியற்காலை வேண்டாம், பனித்துளி ஒவ்வொன்றும் மூக்குத்தி மாதிரி மின்னும். கேத்தி பக்கம் கேரட் அறுவடையில் மோதிரம் தொலைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் விரல் சுருங்குவதால்தான் நழுவுகிறது. வயலைக் கிளறுவதற்கு முன் கேரட் கழுவிய இடத்தின் வண்டலையும் கையுறையின் விரல் நுனிகளையும் பாருங்கள்.

‘அரை கிலோமீட்டரிலிருந்தே தங்கம் காட்டும்’ என்று ஆன்டெனா வைத்த கருவியோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவர் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்.

தேடல் உங்கள் பட்டா நிலத்துக்குள் இருக்கட்டும். எல்லையைத் தாண்டிய சோலையும் காடும் வனத்துறையுடையது. டிடெக்டரோடு உள்ளே போவதற்கு முன்பே ரேஞ்சர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். தாண்டிக்குடிப் பக்கமோ நீலகிரி முகடுகளிலோ கற்திட்டை, கல்வட்டம் போன்ற பழங்கால ஈமச் சின்னம் இருக்கும் நிலமானால் அதன் அருகே கிளறவே கூடாது. உங்கள் நிலத்திலேயே யாருடையதென்று தெரியாத பழங்காசோ நகையோ மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தொகை சிரிப்பு மூட்டலாம், சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

கிடைத்ததும் சேற்றைத் துடைக்காதீர்கள். மண்ணிலுள்ள குருணைக் கற்கள் தங்கத்தைக் கீறும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, தாலி, குண்டு, கொக்கி எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கிடைத்த இடத்தைச் சுற்றி ஒரு பாக (இரு கையையும் விரித்த நீளம்) வட்டத்துக்குள் அன்றைக்கே மறுபடி பாருங்கள். எல்லாம் செய்தும் அகப்படவில்லை என்றால் வரிசைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கவாத்துவரை காத்திருங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வேலையில் செடி மொட்டையாகும், காயிலைத் தூரோடு ஒட்டி வைக்க முடியும். கவாத்துக் கழிவை வாரி வெளியே போட்ட பிறகு, அதன்மேல் யாரும் நடப்பதற்கு முன், அந்த வரிசைகளில் மட்டும் ஒருமுறை கருவியை ஓட்டுங்கள்.