டாக்டர் படிப்புக்கு வங்கிக் கடன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு கடிதங்களும் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பிள்ளையை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிப்பிக்க வேண்டும், காசு இல்லை, என்ன வழி? ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

மகன் பயோ பிரிவில் ஒரு சி (திறமைச் சித்தி), இரண்டு எஸ் (சாதாரண சித்தி). ரஷ்யாவில் இடம் எடுத்துத் தருவதாக ஏஜென்சி ஒன்று சொல்கிறது. எந்த வங்கியில் வட்டி குறைவு? – களுவாஞ்சிக்குடி

வங்கியை விடுங்கள். இந்தப் பெறுபேற்றோடு மகன் படித்து முடித்து வந்தால் இலங்கை மருத்துவ சபை பதிவுக்கு எடுக்குமா என்று கேட்டீர்களா? உயர்தரத்தில் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் வேண்டும் என்று 2018இல் வர்த்தமானியிலேயே வந்துவிட்டது. ரஷ்யப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும். அதற்கு உங்கள் காசு போதும். ஆறு வருடம் கழித்துக் கொழும்பில் கதவு பூட்டியிருந்தால் ஏஜென்சிக்காரர் வந்து திறக்கப்போவதில்லை. முடிந்தால் மகனைத் திரும்பப் பரீட்சை எழுதச் சொல்லுங்கள்.

இது எல்லோருக்கும்: முதலில் மருத்துவ சபை, பிறகுதான் வங்கி. பிள்ளையின் தகைமை, பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இரண்டையும் சபையிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்சி காட்டும் வாட்ஸ்அப் படம் பதில் ஆகாது.

அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனை எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எடுக்கலாமா? – அக்கரைப்பற்று

முடியாது. 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம், அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் உள்நாட்டிலுள்ள அரசு சாராத நிறுவனங்களில் அங்கீகரிக்கப்பட்ட சில பட்டங்களைப் படிப்பதற்கு. மருத்துவப் பட்டம் அதில் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கும் அது இல்லை.

என் மகனுக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்? உடன் பதில் தரவும். – ஊர் பெயர் இல்லை

உங்கள் வருமானம் தெரியாது, தொழில் தெரியாது, காணி இருக்கிறதா தெரியாது, மகனுக்கு எந்த நாடு என்றும் தெரியாது. உடன் பதில்: எனக்கும் தெரியாது.

மகள் பங்களாதேஷ் போகிறாள். வங்கியில் ஐந்து வருடம் சலுகைக் காலம் தருகிறார்களாம். அதுவரை ஒன்றும் கட்டத் தேவையில்லை, டாக்டராகி அவளே கட்டிவிடுவாள் என்று நம்பலாமா? – கல்லடி

இந்தச் சலுகைக் காலம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்திலேயே இதைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன். சலுகை முதலுக்குத்தான், வட்டிக்கு இல்லை. அநேகமான கடன்களில் அந்தக் காலத்திலும் மாதாமாதம் வட்டி கட்டியே ஆக வேண்டும். வட்டியையும் கட்டாமல் விடலாம் என்று யாராவது சொன்னால், அது முதலோடு சேர்ந்து குட்டி போடும். அதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்கைப் பாருங்கள். 40 இலட்சம், வட்டி 14 வீதம் என்று வைப்போம். முழுவதையும் ஒரே நாளில் எடுத்தால் மாத வட்டி மட்டும் 47,000 ரூபாய் அளவில். கட்டாமல் விட்டால் ஐந்து வருடத்தில் கடன் 77 இலட்சம், ஏழு வருடத்தில் ஒரு கோடி. ஏன் ஏழு என்று கேட்பீர்கள். படிப்பு ஐந்து வருடம். அங்கேயே உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். ஊருக்கு வந்ததும், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவுக்கு எழுத வேண்டிய ஈ.ஆர்.பி.எம். பரீட்சை. முன்பு அக்ட் 16 என்றார்களே, அதுதான். முதல் தடவையிலேயே எல்லோரும் சித்தியடைவதில்லை. சித்தியடைந்தாலும் இங்கே உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஏழு என்பது நல்லது நினைத்துப் போட்ட கணக்கு. அந்த ஒரு கோடியைப் பத்து வருடத்தில் தீர்ப்பதென்றால் மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் தவணை. உங்கள் ஒழுங்கையில் புதிதாக நியமனம் பெற்ற டாக்டர் யாராவது இருந்தால் சம்பளச் சீட்டில் கையில் வரும் தொகையைக் கேட்டுவிட்டு வந்து, 'அவளே கட்டிவிடுவாள்' என்று எனக்கு எழுதுங்கள்.

வட்டி 14 வீதத்திலேயே நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. ஒப்பந்தத்தில் 'ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். கூட்டல் இத்தனை வீதம்' என்று இருந்தால் அது ஏறி இறங்கும் வட்டி. ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். என்பது வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி வீதம். 2022 கடைசியில் அந்த வீதம் மட்டுமே 27, 28க்குப் போனது. அதே வருடம்தான் டொலர் 200இலிருந்து 360க்குத் தாவியது. மொத்தச் செலவு 40,000 டொலர் என்றால் வருட ஆரம்பத்தில் 80 இலட்சமாக இருந்தது, நடுவில் ஒரு கோடி 44 இலட்சம். பல்கலைக்கழகம் ஒரு சதமும் கூட்டவில்லை. பிள்ளையைப் பாதியில் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள், மிச்சத்துக்கு மாலையையும் காப்பையும் அடகு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. கடனை ஒரேயடியாக எடுக்காமல், கல்லூரி கட்டணம் கேட்கும்போது வருடத்துக்கு ஒரு பகுதியாக விடுவிக்கச் சொல்லுங்கள். 40 இலட்சத்தை எட்டு எட்டாக எடுத்தால் முதல் வருடம் மாத வட்டி 9,000 சொச்சம்தான். அதை அந்தந்த மாதமே கட்டுங்கள். முகாமையாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார், கேட்டால் அநேகமாகச் செய்து தருவார். நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். டொலர் ஏறினால் தாங்க, தேவைக்கு மேல் கால்வாசியாவது எங்கிருந்து வரும் என்று இப்போதே யோசியுங்கள். மாத வட்டியையே உங்களால் கட்ட முடியாதென்றால் இந்தக் கடனை எடுக்காதீர்கள். மகள் கோபிப்பாள். கோபிக்கட்டும்.

இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் மகளைப் படிப்பிக்க முன்கூட்டியே எடுக்கலாமா? – செங்கலடி

இல்லை. முன்கூட்டி எடுக்க விடும் அந்த 30 வீதம் வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும்தான். வைத்தியம் என்றால் சிகிச்சை, வைத்தியப் படிப்பு இல்லை.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் பெர்மிட் காணி. வங்கி ஏற்குமா? – வெல்லாவெளி

பெர்மிட் காணி உங்கள் பெயரில் இருந்தாலும் ஈடு வைப்பதற்கு அது உங்கள் காணி இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் செய்யும் எந்தக் கைமாற்றமும் செல்லாது. அளிப்புப் பத்திரமாக மாற்றியிருந்தால், சட்டம் குறிப்பிடும் நிறுவனங்களுக்கு மட்டும் ஈடு வைக்கலாம். அதனால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள சொந்தக் காணி என்றால் வங்கிச் சட்டத்தரணி 30 வருட உரித்தைப் பார்ப்பார். யுத்த காலத்தில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க இப்போதே அலையத் தொடங்குங்கள். மகனுக்கு விசா வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும்.

இதற்குள் 'பெர்மிட்டை வைத்துக்கொண்டு காசு தருகிறேன்' என்று ஊரில் ஒருவர் வருவார். அவரிடம் போகாதீர்கள்.

வீடு என் பெயரில். அது இளைய மகளுக்கென்று வைத்திருக்கிறோம். மூத்த மகனைச் சீனாவுக்கு அனுப்ப அதை ஈடு வைக்கச் சொல்லி மகனும் கணவரும் நிற்கிறார்கள். – ஆரையம்பதி

அம்மா, சட்டப்படி வீடு உங்களுடையது, ஈடு வைக்கலாம். ஆனால் மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது எழுதாத உறுதி. அது உங்களுக்கும் தெரிந்ததால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஈடு பதிவானால் கடன் தீரும்வரை உறுதி வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும். மகளுக்கு இப்போது 17 என்கிறீர்கள். மகன் படித்து முடித்து, பரீட்சை எழுதி, கட்டித் தீர்க்கும்போது அவளுக்கு முப்பது தாண்டிவிடும். இடையில் கலியாணம் பேசி வந்தால் வீட்டைக் காட்டலாம், எழுதிக்கொடுக்க முடியாது.

மகளுக்கு ஏற்கெனவே நன்கொடை உறுதி முடித்து, உங்களுக்கு ஆயுட்கால உரிமை மட்டும் வைத்திருந்தால் கதை வேறு. அப்போது உரிமையாளர் அவள்தான். பதினெட்டு முடியாத பிள்ளையின் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் எந்த வங்கியும் தொடாது. பதினெட்டு முடிந்த அடுத்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

வழி என்ன? கணவர் அரச உத்தியோகத்தர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டைத் தொடாமல், அவர் சம்பளத்தின் மீதும் இரண்டு பிணையாளர்கள் மீதும் சிறிய கடன் ஒன்று எடுத்து முதல் இரண்டு வருடத்தைத் தள்ளலாம். அதற்குள் மகன் அங்கே நிற்கிறானா, திரும்பி வருகிறானா என்று தெரிந்துவிடும். 2020இல் கொரோனாவுக்குச் சீனா எல்லையை மூடியபோது மாணவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்து கணினியில் படித்தார்கள். வங்கி வட்டியை மூடவில்லை.

மச்சான் பிணை நிற்கச் சம்மதம். அவரது மோட்டார் சைக்கிள் லீசிங்கில் நாலு தவணை நிலுவை. பரவாயில்லையா? – கல்முனை

பரவாயில்லை என்று நீங்கள் சொல்லலாம், கிறிப் சொல்லாது. கடன் தகவல் பணியகத்து அறிக்கையில் நிலுவை தெரிந்தால் வங்கி அவரை ஏற்காது. விண்ணப்பிக்க முன் பிணையாளர் எல்லோரும் தங்கள் அறிக்கையைத் தாங்களே எடுத்துப் பார்ப்பது நல்லது. அம்மாக்கள் குழுவாக எடுத்த மைக்ரோ பினான்ஸ் கடன்களையும் மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிணை நின்றதும் இங்கே வந்து நிற்கும்.

வட்டிக்குக் கடன் எடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. வேறு வழி? – காத்தான்குடி

இஸ்லாமிய வங்கி முறையில் நிதி தருகிறவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிறார்கள். கல்விச் சேவையை வங்கி வாங்கி இலாபம் வைத்து உங்களுக்கு விற்கும் முறை. வட்டி இல்லை என்பதற்காகச் செலவும் இல்லை என்று நினைக்காதீர்கள். கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்ற ஒரே தொகையைக் கேட்டு மற்ற வங்கியோடு ஒப்பிடுங்கள். பிணை, ஈடு, கிறிப் எல்லாம் அங்கும் உண்டு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். 15 இலட்சம் கடன் எடுக்க எந்த வங்கி நல்லது? – ஏறாவூர்

தம்பி, எதற்கு? கல்விக் கட்டணம் இல்லை. பீடம் மட்டக்களப்பில், வீடு ஏறாவூரில், பஸ்ஸில் அரை மணி. மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கலாம், 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 7,500 ஆக்கினார்கள். அது கிடைக்காவிட்டால் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள், முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள். 15 இலட்சத்தில் ஒரு காரை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கடனே இல்லாமல் வெளிநாட்டில் படிக்க முடியாதா? – காரைதீவு

முடியும், கொஞ்சப் பேருக்கு. பங்களாதேஷ் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாடுகளுக்கென்று இடங்கள் உண்டு. பாகிஸ்தானின் அல்லாமா இக்பால் புலமைப்பரிசிலில் மருத்துவத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ரஷ்ய அரச புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள ரஷ்ய இல்லத்தில் விசாரியுங்கள். இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசிலை மருத்துவத்துக்குக் கொடுப்பதில்லை, வீணாக அலையாதீர்கள். காசு கட்டி இந்தியாவில் படிப்பதென்றாலும் அங்குள்ள நீட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரச அறிவித்தல்கள் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் வரும், விண்ணப்ப நாட்கள் குறைவு. பெறுபேற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். அறிவித்தல் வந்த பிறகு கடவுச்சீட்டுக்கு ஓடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஏஜென்சி 'சீட் புக்கிங்' என்று 5 இலட்சம் காசாகக் கேட்கிறது. கட்டினால் லோனும் அவர்களே எடுத்துத் தருவார்களாம். – திருக்கோவில்

காசைக் கையில் கொடுக்காதீர்கள். எத்தனை தரம் எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தை வங்கியில் காட்டி, ரி.ரி. என்னும் வங்கிப் பணமாற்று மூலம் நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு அனுப்புங்கள். வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் அனுப்பும் உண்டியலிலும் அனுப்பாதீர்கள். சட்டத்துக்கும் மாறு, பற்றுச்சீட்டும் இல்லை. அடுத்த தவணைக்கு வங்கி போன தவணையின் பற்றுச்சீட்டைக் கேட்கும்போது எதைக் காட்டுவீர்கள்? வங்கிக் கடனை ஏஜென்சி எடுத்துத் தர முடியாது. கடன் கொடுப்பது வங்கி, கையெழுத்துப் போடுவது நீங்கள், நடுவில் அவருக்கு வேலை இல்லை.

அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவ சபையின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் பெரியப்பா இருக்கிறார். அங்கே அரசாங்க மாணவர் கடன் எடுத்து டாக்டருக்குப் படிக்கலாமா? – பாண்டிருப்பு

நீங்கள் அமெரிக்கப் பிரஜையோ கிறீன் கார்ட் உள்ளவரோ இல்லை. கிடைக்காது. பெரியப்பா பிரஜை என்பது உதவாது. தவிர, அங்கே மருத்துவம் ஒரு பட்டம் முடித்த பிறகுதான்.

கடனோடு காப்புறுதியும் எடுக்க வேண்டுமென்று வங்கி சொல்கிறது. தவிர்க்க வழி உண்டா? – வாழைச்சேனை

தவிர்க்காதீர்கள். ஆனால் யாருடைய உயிருக்குக் காப்புறுதி என்று பாருங்கள். கடன் உங்கள் பெயரில் என்றால் வழக்கமாக உங்கள் உயிருக்கு மட்டும் போடுவார்கள். படிக்கப்போகும் மகனையும் சேர்க்க முடியுமா, அவர் வெளிநாட்டில் இருக்கும்போதும் அது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். காப்புறுதிக் கட்டணத்தைக் கடன் தொகையிலேயே கூட்டிவிடுவார்கள். கையில் இருந்தால் தனியாகக் கட்டிவிடுங்கள், அதற்கும் வட்டி கட்டத் தேவையில்லை.