ராத்திரி பூராப் படிக்கிற அந்தப் புரோகிராம்

அண்ணா, அன்றைக்கு கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் எழுந்துவிட்டீர்கள். மீதியை எழுதுகிறேன்.

"கூடப் படிக்கிறதெல்லாம் போனுக்கு ஆப் எழுதுதுங்க, எம் புள்ள எவனோ எழுதுனதைப் படிச்சுட்டே இருக்குதுங்க" என்றீர்கள். பாப்பாவின் நோட்டைப் பார்த்தேன். இரண்டு கட்டம், நடுவில் அம்புக்குறி, ஓரமெல்லாம் கூட்டல் கழித்தல். அது லினக்ஸ் கெர்னலில், அதாவது கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் மையப் புரோகிராமில், ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), தான் திறந்த ஃபைலை இன்னொரு புராசஸுக்குக் கைமாற்றும் இடம். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில், 1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி. என்ற பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி.

திறந்த ஃபைலுக்கு கெர்னல் தரும் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பது பேங்க் டோக்கன் மாதிரி வெறும் நம்பர். இந்த பேங்க் டோக்கன் 5-ஐ எதிர் பேங்கில் நீட்டினால் என்ன ஆகும்? அதனால் கெர்னல் நம்பரை அனுப்பாது. அந்த ஃபைலையே பிடித்துக்கொண்டு, வாங்குபவருக்குப் புது நம்பர் போட்டுத் தரும். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை ஓடும், அது பூஜ்யமானால்தான் ஃபைல் மூடும். ஒன்று குறைக்க மறந்தால் ஃபைல் மூடவே மூடாது. இரண்டு தடவை குறைத்தால், ஒருவர் கையில் இருக்கும்போதே நினைவகம் காலியாகிவிடும். திருடனுக்கு வழி அதுதான்.

சிக்கலான இடம் இன்னொன்று. இந்த வீட்டுச் சாவியை அந்த வீட்டிலும், அந்த வீட்டுச் சாவியை இந்த வீட்டிலும் வைத்துப் பூட்டிவிட்டால்? இரண்டு சாக்கெட்டுகள் (புராசஸ்கள் பேசிக்கொள்ளும் வாசல்கள், இவையும் ஃபைல் மாதிரிதான்) ஒன்றையொன்று அனுப்பிக்கொண்டு மூடப்பட்டால் இதே கதிதான், எண்ணிக்கை பூஜ்யமாகாது. அதைத் தேடிக் கூட்டித் தள்ளவே கெர்னலில் தனிப் பகுதி உண்டு. அதில் இருந்த ஒரு ஓட்டையை 2016-லேயே ஒருவர் கண்டு திருத்தம் எழுதி அனுப்பினார். அது அப்போது சேர்க்கப்படவில்லை. 2021-ல்தான் அடைத்தார்கள். அதற்குள் அதை வைத்து ஆண்ட்ராய்டு போன்களைத் தாக்கியிருந்தார்கள். பாப்பா படிப்பது அந்தப் பகுதியைத்தான், தெரியுமா?

இதற்கு வேலை கிடைக்குமா என்றால், உண்டு. பெங்களூர், ஹைதராபாத்தில் சிப், மொபைல் கம்பெனிகளுக்கு கெர்னல் ஆட்கள் தேவை. ஆனால் இடங்கள் கொஞ்சம், புதுசாகப் படித்து வருகிறவர்களுக்கு அதிலும் கொஞ்சம். காலேஜுக்கு வரும் கம்பெனிகள் இதைக் கேட்கவும் மாட்டார்கள். அதனால் ஆப்டிடியூட் பயிற்சியை விட வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் போதும். லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் கெர்னல் பிழைதிருத்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சின்னத் திருத்தம் ஒன்று ஏற்கப்பட்டாலும் பெயர் கெர்னல் வரலாற்றில் நிற்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

பத்தாவது வரை தமிழ் மீடியம் என்று தயங்கினீர்கள். கெர்னல் எழுதுகிறவர்களிடம் அலங்கார இங்கிலீஷ் எடுபடாது, "இந்த வரியில் தோற்றால் எண்ணிக்கை குறையவில்லை" என்று நேராக எழுதினால் போதும்.

அடுத்த தடவை அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் விட்டுப்போனதாக எனக்குச் சந்தேகம்.