நெவாடா சூத்திரத்தை வட கொரியாவுக்குப் போட்டால் இப்படித்தான் வரும்

நண்பரே, 2017 செப்டம்பர் 3 அன்று வட கொரியாவின் புங்யே-ரியில் நிலத்தடியில் நடந்த அணுகுண்டு சோதனையின் நில அதிர்வு அளவான 6.1-ஐ வைத்துக் குண்டின் வலிமையைக் கணக்கிட்டால் உங்களுக்கு 490 கிலோ டன் (டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமாக) வருகிறது, செய்திகளிலோ 160, 250 என்கிறார்கள், எங்கே பிசகு என்று கேட்டிருந்தீர்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. எடுத்த சூத்திரம்தான் ஊர் மாறிவிட்டது.

நீங்கள் போட்ட சூத்திரம்: நில அதிர்வு அளவு = 3.92 + 0.81 × கிலோ டன்னின் மடக்கை (log). அந்த 3.92, 0.81 என்ற எண்கள் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த அணுகுண்டு சோதனைகளிலிருந்து வந்தவை. அங்கே நிலத்தடியில் கவச அடுக்கின் (புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கு) மேற்பகுதி சூடானது. பி அலைகளை, அதாவது முதலில் வந்து சேரும் நில அதிர்வு அலைகளை, அது நன்றாக விழுங்கிவிடும். வட கொரியாவில் அந்த இழப்பு குறைவு. அதனால் சின்ன வெடிப்பும் பெரிதாகப் பதிவாகும். கடினப் பாறைக்கு, கஜகஸ்தானின் செமிபலாடின்ஸ்க் தரவில் பிறந்த சூத்திரத்தைப் போடுங்கள்: நில அதிர்வு அளவு (ரிக்டர் போன்றது) = 4.45 + 0.75 × கிலோ டன்னின் மடக்கை. 6.1 என்றால் சுமார் 158 கிலோ டன்.

இதையும் கல்வெட்டாக எண்ண வேண்டாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் 6.3-ஐப் போட்டுப் பாருங்கள், 290-ஐத் தாண்டும். குண்டு ஆழத்தில் புதைந்திருந்தால் அதே அளவுக்கு இன்னும் பெரிய வெடிப்பு தேவை. சோதனை நடந்த மன்டப் மலைக்கு அடியில் அதுதான் நிலைமை. ஒற்றை எண்ணைச் சொல்பவரை நான் நம்புவதில்லை, வீச்சாகவே எழுதுங்கள்.

எட்டரை நிமிடம் கழித்து வந்த 4.1 அதிர்வை இதில் சேர்க்காதீர்கள். அது இரண்டாவது குண்டு அல்ல, வெடித்த குழி இடிந்து விழுந்தது.