சர்க்கரை மாத்திரையைப் பயமில்லாமல், பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி?

உங்களுக்கு 46 வயது, போன மாதம்தான் டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்தது, டாக்டர் காலைக்கும் இரவுக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் "கிட்னி போயிடும்" என்று பயமுறுத்துகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. 9 வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவுக்கு 20 வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை, அவருடைய மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்புவதும் நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும், உங்களுக்குத் தேவை அதுதான். நம் ஊரில் பாதிப் பேர் சாப்பிடுவது இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, ஆனால் கேட்டால் "ஒரே ஒரு சுகர் மாத்திரைதான்" என்பார்கள். கிளைக்கோமெட் ஜிபி 1, ஜிபி 2 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் 1, 2 என்பது கிளிமிபிரைடு என்கிற மருந்து எத்தனை மில்லிகிராம் என்பது, கூடவே மெட்ஃபார்மினும் இருக்கிறது. ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இரண்டு அட்டையாக வீட்டுக்குள் வந்துவிடுவதும் சாதாரணமாக நடக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியது ஒன்று, தனியார் டாக்டர் எழுதியது ஒன்று என்று இரண்டையும் விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி பண்ணுவதைக் குறைக்கும், உடம்பில் இருக்கிற இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை அப்படியில்லை. அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதனால் கிளிமிபிரைடு இருக்கிற மாத்திரை என்றால் அடுத்துச் சாப்பாடு நிச்சயம் இருக்க வேண்டும், சாப்பாடு இல்லை என்றால் அந்த மாத்திரை இல்லை.

இதை எங்கள் வீட்டில் ஒரு வைகுண்ட ஏகாதசி அன்று கற்றுக்கொண்டோம். எங்களுக்கு ஸ்ரீரங்கம். அம்மா அன்று முழு உபவாசம், ஆனால் "மாத்திரையை மட்டும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்று காலையில் வெறும் வயிற்றில் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் இருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. 11 மணி வாக்கில் காரணமே இல்லாமல் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார், அப்புறம் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பசி மயக்கம், விடியற்காலையில் எழுந்த அசதி என்று நினைத்தோம். கையைப் பிடித்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது, மார்கழிக் குளிரில் ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 43. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், 90க்கு வந்தது, சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். இரண்டு மணிக்கு மறுபடியும் 58. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இரவு முழுக்க டிரிப்ஸ். சர்க்கரைத் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் தாங்கும், இந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும், தெளிந்ததும் உடனே இட்லியோ சாதமோ சாப்பிட வைத்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

ஆகவே 70க்குக் கீழே இறங்கினாலோ, கைநடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் வந்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறியதும் சாப்பாடு. சாக்லேட், பிஸ்கட் எல்லாம் மெதுவாகத்தான் ஏற்றும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் அட்டையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருந்தால் வீட்டுச் சர்க்கரை போதாது, ஏனென்றால் குடலில் சர்க்கரை உடைவதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. மருந்துக்கடையில் கிடைக்கிற குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். பின்னால் அம்மாவுக்கும் வோக்ளிபோஸ் சேர்த்தார்கள், அன்றிலிருந்து ஒரு டப்பா குளுக்கோஸ் பூஜை அலமாரியிலும் ஒரு பொட்டலம் அவருடைய கைப்பையிலும் இருக்கிறது.

சரி, கிட்னி விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் தலைகீழாகச் சொல்கிறார். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை, வருடக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரைதான் கெடுக்கும். இந்தப் பயத்திலேயே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடைசியில் டயாலிசிஸ் வரை போனவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். ஆனால் கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் மெட்ஃபார்மின் உடம்பிலிருந்து வெளியேறாமல் தேங்கும், அப்போது அளவைக் குறைக்க வேண்டும். கிட்னிக்காக எடுக்கிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஓர் எண் இருக்கும், அது 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது அதைப் பாருங்கள். சாயம் ஏற்றி எடுக்கிற சிடி ஸ்கேன் எழுதினால் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், கிட்னி நிலையைப் பொறுத்து அன்றைக்கு நிறுத்திவிட்டு 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். கடுமையான வாந்தி, பேதி வந்து தண்ணீர்ச்சத்து போகிற நாட்களிலும் அப்படித்தான், டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், நீங்களாக வழக்கம்போல் விழுங்காதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஆபரேஷன் என்றால் சில நாள் முன்பே அதை நிறுத்துவார்கள்.

மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும். எனக்கு முதல் இரண்டு வாரம் பேதி, வாயில் தகரம் மாதிரி ஒரு ருசி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் போட ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. அட்டையில் எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் நசுக்கவோ மெல்லவோ கூடாது, மெதுவாகக் கரைவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மலத்தில் மாத்திரைக் கூடு மாதிரி ஏதாவது தெரிந்தால் பயப்படாதீர்கள், மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெறும் கூடுதான் வெளியே வருகிறது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

இன்னொன்று வைட்டமின் பி12. நான்கு வருடம் கழித்து எனக்குப் பாதத்தில் மதமதப்பு வந்தது, சர்க்கரையால் நரம்பு போய்விட்டது என்றே நம்பிவிட்டேன். டெஸ்ட் எடுத்தால் பி12 மிகக் குறைவு. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டால் அது குறையலாம், எங்களைப் போல் சைவம் என்றால் இன்னும் சீக்கிரம். அதற்கு ஊசி போட்டதில் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

சர்க்கரை நோய்க்கு என்று வாட்ஸ்அப்பில் வருகிற பொடிகளை மாத்திரையோடு சேர்க்காதீர்கள். மூலிகை என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் ஆனாலும் சரி, அட்டையைக் காட்டுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும், ஸ்டீராய்டு ஏற்றிவிடும்.

விரதம் இருக்கிற வழக்கம் உண்டென்றால் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். அம்மா ஏகாதசியை விடவில்லை. அன்று எந்த மாத்திரை கூடாது, எது போடலாம் என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், பாலும் பழமும் சாப்பிட அம்மாவும் ஒத்துக்கொண்டார், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நான் விரலைக் குத்திப் பார்க்கிறேன். போன வைகுண்ட ஏகாதசி அன்று 11 மணிக்கு 128 இருந்தது, அவரே எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக்குப் பிரசாதம் கொடுத்துவிட்டு வந்தார்.