கேளுங்கள், சொல்கிறோம்: கான்சர்ட்டுக்குத் தனியாகப் போகலாமா?

பள்ளி நாட்களிலிருந்து நான் கேட்டுவரும் வெளிநாட்டு ராக் இசைக்குழு நவி மும்பையில், டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் வாசிக்க வருகிறது. கூட வருவதாகச் சொன்ன தோழிகள் இருவரும் லீவு இல்லையென்று கழன்றுகொண்டார்கள். வயது 26. மும்பை எனக்குப் புதிது, இந்தியும் அரைகுறை. தனியாகப் போகலாமா, விட்டுவிடலாமா?
*– வாசகி, மதுரை*

போகலாம். ஆனால் டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: நிகழ்ச்சி முடிந்த பிறகு அறைக்கு எப்படிப் போய்ச் சேருவீர்கள்? தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் திண்டாடுவது, மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகான இரண்டு மணி நேரத்தில்தான்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் பொதுவாக அனுமதி. அதற்கு மேல் வேண்டுமானால் மாநில அரசின் சிறப்புத் தளர்வு தேவை. அதனால் பெரிய நிகழ்ச்சிகள் 10 மணியை ஒட்டி முடிந்துவிடும். முடிந்ததும் ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். உங்கள் கேலரியிலிருந்து சாலையைத் தொடவே முக்கால் மணி நேரம் ஆகலாம். வாசலில் நின்று டாக்ஸி பிடிக்க முயலாதீர்கள். சுற்றியுள்ள சாலைகளைப் போலீஸ் மறித்திருக்கும், டிரைவரால் உங்களிடம் வர முடியாது. கட்டணம் மூன்று மடங்கு காட்டும், அதுவும் கேன்சல் ஆகும்.

ஸ்டேடியம் இருப்பது நெருலில். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலின் நெருல், ஜுயிநகர் இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடந்தே போய்விடலாம். கூட்டமும் அங்கேதான் நடக்கும், அதனோடு நடந்தால் இருட்டுச் சந்துக்குள் போக வேண்டியிருக்காது. லோக்கலில் பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், இரவில் கவுண்டர் வரிசை நகராது. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை எம்-இண்டிகேட்டர் ஆப்பில் பார்த்து, ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பை என்றதும் ஸ்டேடியத்திலிருந்து தொலைவிலுள்ள கொலாபாவிலோ அந்தேரியிலோ அறை போடுவதுதான் பலர் செய்யும் தவறு. நெருல், வாஷி, பேலாப்பூர் என்று ஓரிரு ஸ்டேஷன் தள்ளிப் பாருங்கள். தேதி அறிவித்த அன்றே, இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையைப் பிடித்துவிடுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். விற்பனை முடிந்த பிறகு தேடினால் அதே அறையின் விலை எங்கோ போயிருக்கும். ரிசப்ஷனில் இரவு முழுக்க ஆள் இருப்பார்களா என்று போன் செய்து கேட்டுவிடுவதும் நல்லது.

சென்னை வழியாக ரயிலில் வந்தால் மும்பையின் பெரிய ரயில் முனையமான சிஎஸ்எம்டி வரை போக வேண்டாம். கல்யாண் ஸ்டேஷனில் இறங்கி லோக்கலில் தானே (Thane) ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து டிரான்ஸ்-ஹார்பர் லோக்கல் ஏறினால் நெருல். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், கான்சர்ட் டிக்கெட்டோ பல மாதங்களுக்கு முன்பே விற்றுவிடும். எனவே முன்பதிவு திறக்கும் தேதிக்கு போனில் அலாரம் வையுங்கள். முந்தின நாளே போய்ச் சேரும்படி எடுங்கள். நிகழ்ச்சியன்று காலை சேரும் வண்டி ஆறு மணி நேரம் தாமதமானால் எல்லாம் போச்சு. விமானம் என்றால், 2025 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய நவி மும்பை விமான நிலையத்தையும் சேர்த்துத் தேடுங்கள். நெருலுக்கு அதுதான் பக்கம்.

வீட்டில் அறை முகவரி, போன் எண், உங்கள் இருக்கைப் பகுதி மூன்றையும் கொடுத்துவிடுங்கள். மைதானத்துக்குள் சிக்னல் முழுதாகக் காட்டினாலும் டேட்டா ஓடாது, அத்தனை போன்களும் ஒரே டவரில். "அறைக்குப் போய் 12 மணிக்குள் மெசேஜ் போடுவேன், அதுவரை போன் எடுக்காவிட்டால் பயப்படாதீர்கள்" என்று சொல்லி வைத்தால் ஒன்பது மணிக்கே அம்மா பதறமாட்டார்.

எப்போது விட்டுவிடலாம்? ஊருக்கு வெளியே காலி மைதானம், ரயில் கிடையாது, போக ஒரே சாலை, பக்கத்தில் அறையும் இல்லை என்றால் துணையில்லாமல் போக வேண்டாம். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை ஈசிஆரில் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில், டிக்கெட் கையில் இருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டதாகவும் புகார்கள் வந்தன. இசைக்குழு எவ்வளவு பெரியது என்பதை வைத்து மைதானத்தின் ஏற்பாட்டை எடைபோடக் கூடாது.

தனியாக நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ?
*– வாசகர், கோவை*

விளக்கு அணைந்த பிறகு உங்களைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கூச்சமெல்லாம் அதற்கு முந்தைய காத்திருப்பில்தான். இசைக்குழுவின் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்பவரே பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

தனி ஆளுக்கு ஒரு லாபமும் உண்டு. இரண்டு, நான்கு என்று வாங்கிப் போன பிறகு வரிசைகளில் ஒற்றை இருக்கைகள் மிஞ்சும். மேடை கட்டி முடித்து, எங்கிருந்து பார்த்தால் மறைக்கிறது என்று தெரிந்ததும், ஒதுக்கி வைத்த இருக்கைகளைக் கடைசி நாட்களில் விடுவதும் வழக்கம். எனவே 'விற்றுத் தீர்ந்தது' என்ற பலகைக்குப் பிறகும் அதிகாரபூர்வ ஆப்பைத் தினமும் திறந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஒற்றை ஆளுக்குச் சாதகம் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் இசைக்குழுவான கோல்ட்ப்ளே 2025 ஜனவரி இந்திய நிகழ்ச்சிகளுக்கு ₹2,000 விலையில் விட்ட 'இன்ஃபினிட்டி' டிக்கெட்டுகளை ஜோடியாக மட்டுமே வாங்க முடிந்தது.

டெலிகிராமில் ஒருவர் டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். க்யூஆர் கோடு படமும் அனுப்பினார். வாங்கலாமா?
*– வாசகர், நாகர்கோவில்*

வேண்டாம். அதே படம் இன்னும் பத்துப் பேருக்குப் போயிருக்கலாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. பல நிகழ்ச்சிகளில் கோடு ஆப்புக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சிலவற்றில் டிக்கெட்டாகக் கையில் கட்டும் கைப்பட்டை கூரியரில் வாங்கியவர் வீட்டுக்குப் போகும், அல்லது அவரே ஒரிஜினல் அடையாள அட்டையோடு வந்து வாங்க வேண்டும். கோல்ட்ப்ளே விற்பனையின்போது, வயாகோகோ போன்ற மறுவிற்பனைத் தளங்களுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று, டிக்கெட் விற்ற புக்மைஷோ தளமே அறிவித்தது. விற்பவரின் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு ஆப் வழியாக மாற்றித் தரும் வசதி இருந்தால் மட்டும் யோசியுங்கள், மாறிய பிறகு பணம் கொடுங்கள்.

மகனுக்கு 19 வயது. நின்றுகொண்டே பார்க்கும் பகுதியில் டிக்கெட் எடுத்திருக்கிறான், தனியாகத்தான் போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?
*– வாசகி, திருச்சி*

மேடைக்கு நேர் எதிரே, தடுப்புக் கம்பியை ஒட்டி இடம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டம் முன்னால் தள்ளும்போது அழுத்தம் அங்கேதான் சேரும். தவிர, தனியாகப் போனவர் கழிப்பறைக்குப் போய் வந்தால் இடம் காத்திருக்காது. ஒலிக் கட்டுப்பாட்டு மேடைக்குச் சற்று முன்னே, ஓரமாக நிற்பது நல்லது. ஒலிப் பொறியாளர் சத்தத்தைச் சரிசெய்வது தன் காதுக்குக் கேட்பதை வைத்து. எனவே அங்கே கேட்பதுதான் சுத்தமான ஒலி.

ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. எண்ணிக்கொண்டிருக்க முடியாது, நாலா பக்கமும் உடல்கள் இடித்து, கையை முகம் வரை தூக்கச் சிரமமாக இருந்தால் உடனே வெளியேற வேண்டும். 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் அஸ்ட்ரோவேர்ல்டு இசை விழாவில் பத்துப் பேர் இறந்தது, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துத்தான். கூட்டம் அலையாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கக் கூடாது. இரண்டு முழங்கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் பிடித்துக்கொண்டு, அலை ஓயும் இடைவெளியில் சாய்வாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். போன் கீழே விழுந்தால் குனியவே கூடாது.

காதுக்கும் ஏற்பாடு வேண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலை 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் கணக்கு. ராக் நிகழ்ச்சி அதைத் தாண்டும். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான் போதும். அதை ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா செருகினால் பயனில்லை.

நிகழ்ச்சி ரத்தானால் ரயில், அறைச் செலவெல்லாம்?
*– வாசகர், சேலம்*

டிக்கெட் பணம் திரும்பும், பல நேரம் டிக்கெட் தளம் தன் சேவைக்கு வாங்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் தவிர. பயணச் செலவுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் அமெரிக்க இசைக்குழுவான மெட்டாலிகாவின் நிகழ்ச்சி, ரசிகர்கள் மைதானத்தில் கூடிய பிறகு ரத்தானது. இரண்டு நாள் கழித்துப் பெங்களூரு நிகழ்ச்சி நடந்தது. ரத்து என்ற செய்தி வந்ததும் ரயிலையும் அறையையும் அவசரமாகக் கேன்சல் செய்துவிடாதீர்கள். தள்ளிவைப்பா, முழு ரத்தா என்று நிகழ்ச்சி நடத்துபவரின் இணையப் பக்கத்தில் உறுதிசெய்யுங்கள். அறையின் இலவச ரத்துக்கான கெடு நெருங்கினால் மட்டும் அதற்கு முன்பே முடிவெடுங்கள்.